கதவுக்குச் சட்டை போட்ட ஹால்வர்

1.

இந்தக் கதை எனக்கு ஒற்றை வார்த்தையிலிருந்து கிடைத்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு வம்பு வேண்டாம்.

அக்டோபரில் ஒரு நாள் பக்கத்து வீட்டு ஹால்வர் தன் வண்டியிலிருந்து பெரிய பெரிய நுரைப்பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார். நம்மூர் தெர்மாகோலுக்குப் பெரியண்ணன் மாதிரி இருக்கும், இளஞ்சிவப்பு நிறத்தில். "என்ன ஹால்வர், வேலை பலமா இருக்கே?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

"குளிருக்கு," என்றார். கராஜ் பக்கம் தலையை ஆட்டினார். உள்ளே போய்விட்டார்.

வட டகோட்டாவில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு, ஒரு மனுஷன் ஒரே வார்த்தையில் பேச்சை முடித்தால் உள்ளே பெரிதாக ஏதோ இருக்கிறது என்று புரியாதா? [பொய். ஒன்றுமே இல்லாவிட்டாலும் இங்கே ஒரே வார்த்தைதான்.] ஆக, கீழே வருவதில் பலகைகள் மட்டும் நிஜம். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

2.

முதல் வரியோடு நான் பட்ட பாடு:

"பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ஹால்வர் —" இந்த ஊரில் பனி பெய்யாத காலையைச் சொன்னால்தானே செய்தி? அடித்தாயிற்று.

"ஒரு வீட்டின் மிகப் பெரிய ஓட்டை அதன் கராஜ் கதவுதான். வீட்டுச் சுவருக்குள் எல்லாம் பஞ்சு அடைத்துவிட்டு, அத்தனை அகலக் கதவை வெறும் தகரமாக விட்டு —" வாஸ்தவம்தான். ஆனால் பலகை விற்கிற கடைக்காரன் பேசுவது போல இருக்கிறது.

"லோவெல் ஊரைவிட்டுப் போய்விடுவாரோ என்று ஹால்வருக்குப் பயமாக இருந்தது."

அப்பாடா. இதை வைத்துக்கொள்கிறேன்.

லோவெல் எதிர்வீடு. ஹால்வரும் அவரும் வாலிபத்திலிருந்தே கூட்டாளிகள். போன வசந்தத்தில் லோவெலின் மனைவி ஆர்டிஸ் தவறிப்போனாள். செப்டம்பர் கடைசியில், ஹால்வர் வீட்டு கராஜில் இருவரும் நாற்காலிகளை மடித்துவைக்கும்போது லோவெல் சொன்னார்: "பையன் அரிசோனாவுக்கு வரச் சொல்றான். அங்க ஜனவரியிலயும் அரைக்கை சட்டையோட திரியலாமாம். வர்ற குளிர்காலத்த இங்க தனியா ஓட்ட முடியுமான்னு பாக்கணும். முடியலன்னா வீட்ட வித்துட வேண்டியதுதான்."

"அப்படியா," என்றார் ஹால்வர்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு, யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. கராஜ் கதவு மேலே போய், உள்ளே ஒரு நாற்காலி தெரிந்தால், வரலாம். மூடியிருந்தால் வரக்கூடாது. வண்டி போகவரத் திறப்பது திறப்பில் சேராது. வாசல் மணியைத் தபால்காரரும் ஓட்டுக் கேட்பவரும்தான் அடிப்பார்கள். 'வாங்க' என்று கூப்பிடுகிற பழக்கமும் கிடையாது, 'வரட்டுமா' என்று கேட்கிற பழக்கமும் கிடையாது. மே முதல் செப்டம்பர் வரை கதவு திறந்திருக்கும். ஜூலையில் மேற்கு வெயில் அந்தத் தகரத்தைத் தோசைக்கல்லாக்கும், அப்போதும் சாயந்தரம் திறந்துவிடுவார்கள். அக்டோபரில் மூடினால் அவ்வளவுதான், தெருவே அடுத்த மே வரைக்கும் ஒருவரை ஒருவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கையாட்டிக்கொள்ளும்.

ஹால்வர் போட்ட கணக்கு இதுதான். கதவுக்குச் சட்டை போடுவது, உள்ளே ஒரு சின்ன ஹீட்டர் வைப்பது, ஜனவரியிலும் இரண்டு நாற்காலி போடுவது. லோவெல் வருவார், அரிசோனாவை மறந்துவிடுவார்.

"ஏம்மா, 'போகாதே'ன்னு வாயத் திறந்து சொல்லிட்டாத்தான் என்ன?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நானும் கேட்டேன். அந்தக் காட்சியை எழுதியும் பார்த்தேன்:

"லோவெல்," என்றார் ஹால்வர், "நீ போனா எனக்கு —"

இதற்கு மேல் அந்த ஆள் நகரவில்லை. பேனாவை வைத்து நெம்பிப் பார்த்தேன். அசையவே இல்லை. 'கதவு செய்யச் சொல், செய்கிறேன், இதெல்லாம் என்னால் ஆகாது' என்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். சரி, கதவையே செய்யுங்கள் என்று விட்டுவிட்டேன்.

3.

வேலையைச் செய்ததில் ஹால்வரைக் குறை சொல்ல முடியாது. செய்தால் ஒழுங்காகச் செய்வார், அதுதான் பிரச்சினையே. கதவின் ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனியாக அளந்து பலகையை வெட்டினார். மடிப்புச் சந்தில் பலகை ஏறிவிட்டால் கதவு வளைந்து மேலே போகாதல்லவா? ஒரு அடுக்கு போதும் என்றுதான் பலகையோடு வந்த தாளில் போட்டிருந்தது, இவர் இரண்டு அடுக்கு ஒட்டினார். பார்க்க லட்சணமாக இருக்கவேண்டுமென்று அதற்கு மேல் மெல்லிய ஒட்டுப்பலகையும் அடித்தார். கதவின் காலடியில் புது ரப்பர் பட்டை. ஓரமெல்லாம் அடைப்பு.

அவர் மனைவி மார்லிஸ் குப்புறக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து அந்தத் தாளைச் சத்தமாக வாசித்தாள். [மார்லிஸ் என் சிநேகிதி. 'அவர்' போட்டு எழுதினால், தமிழ் தெரியாவிட்டாலும், சண்டைக்கு வருவாள்.]

"'எடை கூடினால் மேலே உள்ள சுருள்வில்லை ஆள் வைத்துச் சரிசெய்யவும்.' கேக்குதா?"

"உம்."

"அந்த வில்லுதான் கதவத் தூக்குதாம். மோட்டார் சும்மா ஒப்புக்குச் சப்பாணியாம். ஹால்வர், கேக்குதான்னேன்?"

"உம்."

"இந்த 'உம்'முக்காகவா உன்னக் கட்டிக்கிட்டேன்?"

"உம்," என்றார் ஹால்வர், ஒரு ஆணியைப் பல்லில் கடித்தபடி. ஆனால் சிரித்தார்.

* இந்த இடத்தில் வாசகர் ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளலாம்: ஹால்வர் ஆளைக் கூப்பிடவில்லை. மறதியா, சோம்பலா? எனக்குத் தெரியாது. அவர் மனசுக்குள் எல்லா அறைக்கும் போய்வந்தேன், இந்த ஒரு அறையை மட்டும் பூட்டிவைத்திருக்கிறார்.

4.

ஜனவரி வந்தது. வெளியே மைனஸ் இருபது. உள்ளே ஹால்வர் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பாத்திரம் நிறையக் காப்பி, மார்லிஸ் சுட்ட இனிப்புத் துண்டுகள், இரண்டு நாற்காலி. ஒன்று காலி.

லோவெல் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அந்த வாரம் முழுக்கவே வரவில்லை.

மார்லிஸ் வீட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்காகக் காத்துட்டிருக்க?"

"யாருக்கும் இல்ல. சும்மா."

"கதவு மூடியிருக்கே ஹால்வர்."

"குளிருதில்ல? மூடாம?"

"மூடின கதவப் பாத்து லோவெல் எப்படி வருவாரு? அவருக்கென்ன கனவா வரும், உள்ள நீ காப்பியோட உக்காந்திருக்கேன்னு?"

ஹால்வர் கதவைப் பார்த்தார். அப்புறம் ஹீட்டரைப் பார்த்தார். இதை மிகையென்று நினைக்காதீர்கள். எங்கள் தெருவில் பிறந்து வளர்ந்தவர்களால் மட்டும்தான் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியும். கூட்டாளியை வரவைப்பதற்காக மாசக்கணக்கில் பாடுபட்டு, அவர் வரமுடியாதபடி ஒரு கதவைச் செய்து வைத்திருந்தார்.

"போன் பண்ணிக் கூப்பிடேன்," என்றாள் மார்லிஸ்.

"என்னன்னு சொல்லி?"

மார்லிஸ் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவளும் இந்த ஊர்க்காரிதானே.

எதிர்வீட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

5.

சனிக்கிழமை மத்தியானம் ஹால்வர் எழுந்து பொத்தானை அமுக்கினார். மைனஸ் இருபதில், வண்டி எடுப்பதற்காக அல்லாமல், கதவை முழுதாகத் திறக்கப் போனார். சேர்த்து வைத்த சூடெல்லாம் போகட்டும், கதவு திறந்திருப்பது தெரிந்தால் போதும்.

இதற்குப் பிறகு நான் மூன்று விதமாக எழுதினேன்.

அ. கதவு உயர்ந்தது. லோவெல் பார்த்தார், வந்தார், தழுவிக்கொண்டார்கள். — தழுவுவதாவது! இந்தத் தெருவில் கல்யாணத்தன்றுகூடத் தோளைத்தான் தட்டுவார்கள்.

ஆ. கதவு உயர்ந்தது. எதிர்வீட்டில் ஆளே இல்லை, வாசலில் 'விற்பனைக்கு' என்று பலகை ஆடிக்கொண்டிருந்தது. — இது கௌரவமான முடிவுதான், பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. நான் ஹால்வர் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறவள்.

இ. அன்றுவரை முனகி முனகி அந்தக் கனத்தை இழுத்த மோட்டார், குளிரில் ஒரு இழுப்பு இழுத்தது. கதவு முழங்கால் உயரம் வந்தது. கர்ரென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. அதோடு சரி. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை.

எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் என்ன தெரியும்? தரையோடு ஒரு வெளிச்சம், புகைபோல வெளியேறும் சூடு, அதற்குள் இங்குமங்கும் அலையும் இரண்டு பூட்ஸ். இது திறந்த கதவா, மூடிய கதவா என்று வழக்கத்தில் விதி கிடையாது. ஆனால் வேறொரு விதி இருக்கிறது. கூப்பிட்டால் வரத் தயங்குகிற இதே ஜனம், வண்டி பனியில் சிக்கிவிட்டதென்றால் யாரும் கூப்பிடாமலே மண்வாரியோடு ஓடிவரும்.

லோவெல் தெருவைத் தாண்டி வந்து, குனிந்து, இடுக்கு வழியாகக் கேட்டார்: "யோவ், மாட்டிக்கிச்சா?"

"மாட்டல. சும்மாதான்."

"சும்மாவா? முழங்கால் வரைக்கும் தொறந்து வச்சு என்ன, ஊருக்கே ஹீட்டர் போடுறியா? அந்தப் பக்கம் பிடி. ம்... தூக்கு! அடேயப்பா! இதுக்குள்ள என்னய்யா வச்சிருக்க, யானையா?"

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். லோவெல் உள்ளே வந்ததும் இரண்டு பேருமாகவே இறக்கினார்கள். ரப்பர் பட்டை தரையில் பொதுக்கென்று உட்கார்ந்தது. கொஞ்ச நேரத்தில் லோவெல் கையுறையைக் கழற்றினார். பிறகு தொப்பி, பிறகு கோட்டு. கதவைத் தடவிப் பார்த்தார். சுற்றிப் பார்த்தார். காலி நாற்காலி கண்ணில் பட்டது.

"என்னய்யா இது," என்றார் மெதுவாக, "அரிசோனா மாதிரி இருக்கு."

"அப்படியா," என்றார் ஹால்வர்.

மார்லிஸ் காப்பியோடு வந்தாள். "குடிங்க லோவெல்."

"வேணாம் வேணாம், இப்பதான் குடிச்சேன்."

"கொஞ்சமா?"

"இல்லம்மா, கிளம்பணும்."

"ஊத்திட்டேன், வீணாப் போயிடும்."

"சரி, அரைக் கப்பு," என்று உட்கார்ந்தார். [சுருக்கத்துக்காக இதில் ஒரு மறுப்பை வெட்டிப் பார்த்தேன். லோவெல் காப்பியைத் தொடவே மாட்டேனென்றுவிட்டார். திரும்பச் சேர்த்தேன்.]

"பலகை ஒட்டினா வில்லச் சரி பண்ணணும்னு தாள்ல போட்டிருப்பானே, நீ படிக்கலையா?" என்று லோவெல் கேட்டார்.

"படிக்கல," என்றார் ஹால்வர்.

லோவெல் மார்லிஸைப் பார்த்தார். மார்லிஸ் இனிப்புத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆமா, அவரு எங்க படிச்சாரு," என்றாள்.

"வில்லுல நாம கை வைக்கக்கூடாது, தெறிச்சா தலை போயிடும். ஆளக் கூப்பிடணும்."

"கூப்பிடலாம்."

"அது வரைக்கும் மார்லிஸ் வண்டி எப்படி வெளிய போகும்? பள்ளிக்கூடத்துல சமைக்கப் போகணுமே."

ஹால்வர் தன் கப்புக்குள் பார்த்தார். பிறகு, அந்த மனுஷனுக்கு அதைச் சொல்ல எவ்வளவு பாடு என்று எனக்குத்தான் தெரியும், சொன்னார்: "ரெண்டு பேர் வேணும்."

லோவெலும் தன் கப்புக்குள் பார்த்தார். "காலையில எத்தன மணிக்குப் போவா?"

"ஏழு."

"சாயந்தரம்?"

"மூணு."

"சரி," என்றார் லோவெல். இன்னொரு இனிப்பை எடுத்துக்கொண்டார், இந்தத் தடவை மறுக்காமலே.

6.

பிப்ரவரி ஆயிற்று. காலையும் சாயந்தரமும் அந்தக் கதவு இரண்டு கிழவர்களின் முக்கலோடு உயர்கிறது, இறங்குகிறது. இடைப்பட்ட நேரத்தில் உள்ளே நாற்காலி இரண்டும் நிறைந்திருக்கின்றன. அரிசோனாவிலிருந்து பையன் போன் செய்தால் லோவெல், "இப்ப வர முடியாதுடா, இங்க ஒரு கதவு இருக்கு," என்கிறாராம். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை.

எதிர்வீட்டு அட்டைப்பெட்டிகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. வசந்தத்தில் லோவெல் பிரிப்பாரா, கட்டுவாரா என்று நான் எழுதப்போவதில்லை. ஏனென்றால் எல்லாம் அந்த வில்லில் நிற்கிறது. கதை முடியவேண்டுமென்றால் யாராவது பழுதுபார்ப்பவரைக் கூப்பிடவேண்டும். எண் மார்லிஸின் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தின் கீழே இருக்கிறது. மார்லிஸ் அதைத் தினம் பார்க்கிறாள், ஹால்வர் பார்க்கிறார், அரைக் கப்புக்குப் பால் எடுக்க வரும் லோவெலும் பார்க்கிறார். மூன்று பேரும் பாலை எடுத்துக்கொண்டு ஃபிரிட்ஜை மூடிவிடுகிறார்கள்.

நானும் கூப்பிடப்போவதில்லை. முடிவு தெரிந்தே ஆகவேண்டுமென்று அடம்பிடிக்கிற வாசகராக இருந்தால் நீங்களே கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவுக்கு வந்து, ஆளுக்கொரு பக்கம் குனிந்து நிற்கும் அந்த இரண்டு பேரிடமும், இனிமேல் இதைத் தூக்க ஒருத்தர் போதும் என்று உங்கள் வாயால் சொல்லிவிட்டுப் போங்கள்.