நாலு கண்ணி

கடைத்தெருவில் அந்தச் சைக்கிள் மெக்கானிக்கை எல்லோரும் கல்யாணத் தரகர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கம்பெனியின் கியர் லிவரை இன்னொரு கம்பெனியின் பல்சக்கரத்தோடு குடும்பம் நடத்த வைப்பதில் கைகாரர்.

"பொருத்தம் பாத்தாச்சா தரகரே?" என்பார் பக்கத்து டயர் கடைக்காரர்.

"பின்னால பத்து பல்சக்கரம், லிவர்லயும் பத்து கியர். பத்துப் பொருத்தமும் பிரமாதம்."

அவருடைய தங்கை மேட்டு உச்சியிலிருந்த தையற்கூடத்தில் துணி வெட்டிக்கொண்டிருந்தவள். போன வருஷம், மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். அவளுடைய சைக்கிளில் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்கு இருபத்தெட்டுப் பல். மேடு ஏற லேசாக இருக்கட்டும் என்று அவர் முப்பத்துநாலு பல் தேடிப் பிடித்துப் போட்டார். லிவர் ஒரு கம்பெனி, செயினைச் சக்கரம் விட்டுச் சக்கரம் நகர்த்தும் பின்கை வேறொன்று. எல்லாம் ஒத்துப்போயின.

செயின் மட்டும் பழையது. முன்னாலும் பெரிய பல்சக்கரம், பின்னாலும் பெரியது என்று போட்டால் நீளம் எட்டாது. நாலு கண்ணி சேர்க்க வேண்டும். அன்று கடையில் அந்த அளவுக் கண்ணி இல்லை. இரண்டையும் யார் பெரிதாகப் போடப் போகிறார்கள் என்று நினைத்தார். அவளிடம் சொல்லிவிட்டால் போதும் என்றும் நினைத்தார். அவள் வண்டியெடுக்க வந்தபோது டயர் கடைக்காரர் ஏதோ சொன்னார். மூவரும் சிரித்தார்கள். அவள் ஏறிப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள், மேட்டில் அவள் இரண்டையும் பெரிதாகப் போட, செயின் விறைத்துப் பின்கையைப் பிய்த்துச் சக்கரக் கம்பிகளுக்குள் இழுத்தது. விழுந்ததில் அவளுக்கு வலது மணிக்கட்டில் இரண்டு முறை ஆபரேஷன். இன்னும் கத்தரிக்கோல் பிடிக்க வரவில்லை. தையற்கூடத்தில் இப்போது துணி மடிக்கிறாள்.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அவர் ஆரம்பித்தார். "ரெண்டையும் பெருசாப் போட்டா..."

"நீ சொல்லியிருப்பேண்ணா. நான்தான் எங்கயோ பாத்துட்டு நின்னிருப்பேன்."

அவர் தலையாட்டினார்.

அந்தத் தலையாட்டல் ஒரு வருஷமாக அவரோடு இருந்தது. சைக்கிளைப் பழுது பார்த்துச் சுவரோரம் நிறுத்தியிருந்தார். அவள் தொடவில்லை. பின்கை புதிது. செயின் அதேதான். கண்ணி வாங்கி வைத்திருந்தார். அதைச் சேர்க்கக் கை வரவில்லை.

இன்று டயர் கடைக்காரர் தன் மகளுக்கு அந்தச் சைக்கிளைக் கேட்டார். தங்கையும் வந்திருந்தாள். அவள்தான் முந்திக்கொண்டு பதில் சொன்னாள்.

"எடுத்துக்குங்க. ரெண்டையும் பெருசாப் போடக் கூடாதுன்னு பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. எங்கண்ணன் படிச்சுப் படிச்சுச் சொல்லியும் நான் கேக்கல."

"நான் சொல்லல" என்றார் அவர்.

"என்னண்ணா?"

"உங்கிட்ட சொல்லவே இல்ல. செயின் பத்தாதுன்னு தெரியும். தெரிஞ்சேதான் குடுத்தேன்."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "போண்ணா. எம்மேல இருக்கிற பழிய எறக்கி உன் தலையில வச்சுக்கிறியா? நீ சொன்னே. இதோ, இங்க நின்னு சொன்னே. எனக்கு ஞாபகம் இருக்கு."

"தங்கச்சின்னா தரகருக்கு உசுரு" என்றார் டயர் கடைக்காரர். மூன்று டீ சொன்னார்; உடனே வந்தது.

தரகர் டப்பாவைத் திறந்து நாலு கண்ணி எடுத்தார். செயினைப் பிரித்தார், சேர்த்தார். முன்னால் பெரிது, பின்னால் பெரிது. மிதியைச் சுற்றினார். சத்தமே இல்லாமல் ஓடியது.

அவ்வளவு சின்ன வேலை; நிமிர்ந்தபோது அவருடைய டீ இன்னும் சூடாகவே இருந்தது.