வாடாமல்லிக்கு என்ன நம்பர்

சாப்பாட்டு மேஜையில் சாப்பிடுவதற்கு மட்டும் இடம் இல்லை. நடுவில், டைப்ரைட்டர் கனத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர். தட்டுகிற பலகையும் மூளையும் ஒரே பெட்டிக்குள் அடக்கம். படம் காட்ட மட்டும் அதற்கு வேறொரு ஆள் வேண்டும். அந்த ஆள்தான் சுவரோரமாக முதுகு புடைத்து உட்கார்ந்திருந்த கலர் மானிட்டர். மிச்சமிருந்த இடத்தில் டேப் ரெக்கார்டர், ஒயர் பற்றவைக்கிற சால்டரிங் கம்பி, தோலுரித்த ஒயர்கள், டீச்சரின் நல்ல கத்தரிக்கோல். டீச்சர் சூடான பாத்திரத்தைத் துணியோடு பிடித்தபடி எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாகியும் தெருவே அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடும். குரல் அப்படி.

"இதை என் தலையில வெச்சுக்கவா?"

"அஞ்சே நிமிஷம்மா," என்றான் மகன், நிமிராமல்.

"உன் அஞ்சு நிமிஷம் ஆரம்பிச்சு ஒரு மாசம் ஆச்சுடா."

மகன் பல் டாக்டர். வாரமெல்லாம் ஊரார் வாய்க்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவன், லீவு நாளில் இங்கே வந்து இந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தான். அவன் வீட்டிலேயே வைத்துக் கொட்டிக் கவிழ்க்கலாமே என்றால், மருமகள் வாசலிலேயே மறித்துவிட்டாள். மருமகள் புத்திசாலி. டீச்சருக்குத்தான் அந்தச் சாமர்த்தியம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அப்பனுக்கும் விட்டுக்கொடுத்தாள், இப்போது பிள்ளைக்கும் விட்டுக்கொடுக்கிறாள்.

பரணிலிருந்து இதை இறக்கச் சொன்னதே அவள்தான். பழைய மெஷின்களைச் சேர்த்து வைக்கிற ஒருவர் நாளைக் காலையில் வந்து எடுத்துப்போவதாக ஏற்பாடு. தொலைந்தது சனியன் என்று அவளும் சரி சொல்லியிருந்தாள். அதற்குள் இவனுக்கு ஆசை வந்துவிட்டது. கொடுப்பதற்கு முன்னால் அப்பா போட்ட படத்தை ஒரே ஒரு தடவை கலரில் பார்த்துவிட வேண்டுமாம்.

அப்பா போட்ட படம். டீச்சருக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவள் புருஷன் குடிநீர் ஆபீசில் கிளார்க். ஆபீசில் யாரோ வாங்கினார்கள் என்று இவரும் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி வந்தார். எட்டுக் கலரில் படம் போடும் என்று பெட்டி மேலேயே அச்சடித்திருந்தது. வீட்டில் இருந்ததோ கறுப்பு வெள்ளை டிவி. "கலர் டிவி அப்புறமா பாத்துக்கலாம்" என்றார். அந்த அப்புறம் வருவதற்குள் கம்ப்யூட்டர் பரணுக்குப் போய்விட்டது. ஆனால் அதற்கு முன், மாலை மாலையாக அதன் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு கோட்டுக்கும் ஒவ்வொரு நம்பராகத் தட்டி ஒரு படம் போட்டார். ஒரு வீடு, கூரை, பக்கத்தில் ஒரு மரம், ஜன்னலில் ஒரு பெண். பெண் என்றால், ஒரு வட்டமும் அதன் கீழே ஒரு சதுரமும்.

"ஜன்னல்ல நிக்கிறது நீதான்," என்றார் ஒருநாள், அவளைக் கூப்பிட்டு நிறுத்தி. "அது உன் ஸ்வெட்டர்."

டிவியில் சதுரம் சாம்பலாக இருந்தது. வீடு சாம்பல், மரம் கொஞ்சம் கூடுதல் சாம்பல். "நல்லா இருக்கு, பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

அந்த ஸ்வெட்டருக்கு ஒரு கதை உண்டு. அவள் கையாலேயே பின்னியது, பளீரென்ற வாடாமல்லி நிறம். கல்யாணமான புதிதில் அதைப் போட்டுக்கொண்டு எப்படி இருக்கிறது என்று அவர் முன்னால் வந்து நின்றபோது, "இந்த நீலம் உனக்கு எடுப்பா இருக்கு" என்றார். அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. மனுஷனுக்குச் சிவப்பும் பச்சையும் சரியாகத் தெரியாது. ரயிலில் டிரைவர் ஆக வேண்டும் என்று போய், கண் டெஸ்டில் கழித்துக்கட்டி அனுப்பப்பட்டவர். சிவப்பு கண்ணில் விழாதவருக்கு வாடாமல்லியும் நீலம்தான். அது கண்ணின் கோளாறு, அவளுக்கும் புரியாமல் இல்லை. ஆனால் ஒரு பெண் தனக்குப் பிடித்த நிறத்தில் தானே பின்னிப் போட்டுக்கொண்டு நிற்கும்போது அவள் புருஷன் பார்ப்பது வேறு யாரோ நீல ஸ்வெட்டர்க்காரியை என்றால், எங்கே போய்ச் சொல்வது? அவள் அக்கா வீட்டில் போய்ச் சொன்னாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதன்பிறகு எந்த நிறத்தைப் பற்றியும் அவர் அவளிடம் வாயைத் திறந்ததில்லை. புது உடுப்புப் போட்டாலும் "நல்லா இருக்கு" என்பார், அவ்வளவுதான். இந்த மனுஷன் என்னை ஒரு நாளும் முழுசாகப் பார்த்ததே இல்லை என்கிற குறை அவள் மனசில் அப்படியே தங்கிவிட்டது. அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது போகவில்லை.

இதற்கு நடுவில் வரையவே வராத பிள்ளைக்குப் பெட்டி பெட்டியாகக் கலர் பென்சில் வேறு வாங்கித் தருவார். கேட்டால், "இருக்கட்டும்" என்பார். அந்த மனுஷன் செய்த எதற்குத்தான் காரணம் இருந்தது?

பாத்திரத்தை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மகன் படும் பாட்டை அவள் ஒரு மாதமாகப் பார்க்கிறாள். முதலில் ஹாலில் இருக்கிற புது டிவியில் மாட்டினான். அது "சிக்னல் இல்லை" என்று எழுதிக் காட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டது. பிறகு ஏதோ மஞ்சள் முனை வைத்த கேபிள் வாங்கி வந்தான். படம் வந்தது, ஆனால் பழையபடி சாம்பல்தான். அந்த ஓட்டையில் இந்தக் கம்ப்யூட்டர் கறுப்பு வெள்ளை மட்டும்தான் அனுப்புமாம். கலர் வேண்டுமானால் பின்னால் இருக்கிற வட்ட சாக்கெட்டில் மாட்ட வேண்டுமாம். அதற்குத் தோதான பழைய மானிட்டர் வேண்டுமாம். அதைத் தேடி அலைந்து, பழைய சாமானை எடைக்கு வாங்குகிற கடையிலிருந்து இந்தக் குண்டு மானிட்டரைத் தூக்கி வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு ரெண்டு நாள் நடந்தான்.

அதோடு முடிந்ததா? கேபிள் கடையில் கிடைக்கவில்லை. தானே செய்கிறேன் என்று உட்கார்ந்தான். சிவப்புக்கு ஒரு கம்பி, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, படத்தை ஆடாமல் பிடித்து வைக்க இன்னொன்று. கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தில் பிளக்கை முன்பக்கமாகப் பார்த்து வரைந்திருக்கிறது, இவன் பின்பக்கமாகப் பார்த்துப் பற்றவைத்துவிட்டான். படம் மேலேயிருந்து கீழே ஓடிக்கொண்டே இருந்தது.

"தினமும் கண்ணாடியில பாத்துத்தானேடா பல்லைப் பிடுங்குற? ஊரார் வாயில இடது எது வலது எதுன்னு சரியாத் தெரியுதா இல்லையா?" என்று போன வாரம் கேட்டாள்.

"அது வேறம்மா."

"வேறயாத்தான் இருக்கணும். இல்லாட்டி ஊர்ல ஒருத்தனுக்கும் நல்ல பல்லு மிச்சம் இருக்காது."

இன்றைக்கு எல்லாவற்றையும் பிரித்து, முதலிலிருந்து பற்றவைத்திருந்தான். மாட்டினான். மானிட்டர் முணுமுணுத்தது, திரை வெளுத்தது, எழுத்துகள் வந்து அசையாமல் நின்றன. கறுப்பில் வெள்ளை எழுத்து. அப்பா படத்தைப் பதிந்து வைத்திருந்த கேசட்டைப் போட்டான். டேப் ரெக்கார்டர் கொசுவும் தகரமும் சண்டை போடுகிற மாதிரி கத்தத் தொடங்கியது. அந்தக் காலத்தில் மாலையானால் வீடு முழுக்க இந்த இரைச்சல்தான். அதை நிறுத்தித் தொலையுங்கள் என்று அடுப்படியிலிருந்து கத்தாத நாள் இல்லை.

இரைச்சல் நின்றது. மேலேயிருந்து ஒவ்வொரு கோடாகப் படம் விழுந்தது.

பச்சைக் கூரை. சிவப்பு மரம். நடுவில் மஞ்சள் சுவர். ஜன்னலில், வட்டத்துக்குக் கீழே, ஆகாய நீலத்தில் ஒரு சதுரம்.

மகன் ஒரு நிமிஷம் வாயைப் பிளந்து பார்த்தான். பிறகு அடக்க முடியாமல் சிரித்தான். "அம்மா! மரத்தைப் பாரு! அப்பாவோட கண்ணு அப்படியே படத்துல இறங்கியிருக்கு!"

டீச்சர் மரத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்த்தது சதுரத்தை. நீலம். அன்றைக்குச் சொன்ன அதே நீலம். அடப்பாவி மனுஷா, மாலை மாலையாக உட்கார்ந்து கடைசியில் இதைத்தானா போட்டு வைத்தாய்? நான் என்னவோ நினைத்து உட்கார்ந்திருக்கிறேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். கண் கரித்தது. சால்டரிங் புகை என்று சொல்லிக்கொண்டாள்.

மகன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். போனை எடுத்துப் படம் பிடித்தான். "இதை உன் மருமகளுக்கு அனுப்பணும். செகப்பு மரம்! பாவம்மா அப்பா."

அந்தப் பாவம்தான் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. அவள் சிரிக்கலாம், அவளுக்கு உரிமை உண்டு. இவன் யார்?

"போனைக் கீழ வை," என்றாள். பள்ளிக்கூடக் குரல். அவன் வைத்தான். "உங்கப்பா இதைப் போட்டப்போ டிவியில கலர் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"அப்புறம் கண்ணால பாத்தா போட்டாரு? பச்சைக்கு ஒரு நம்பர், செகப்புக்கு ஒரு நம்பர்னு புத்தகத்துல இருந்துச்சு. அதைப் பாத்துத்தானே தட்டுனாரு? இதுல கண்ணுக்கு என்னடா வேலை? நம்பர்ல உங்கப்பா ஒரு நாள் தப்பு பண்ணி நான் பாத்ததில்ல. ஊர்த் தண்ணி பில்லு பூரா அவர் கையில இருந்துச்சு. தப்பு உன் கம்பியில இருக்கும், போய்ப் பாரு."

அவன் படத்தை நிறுத்திவிட்டு விசைகளில் எதையோ தட்டினான். சிவப்பில் எழுது என்று சொன்னான் போலிருக்கிறது. எழுத்து பச்சையாக வந்தது.

"அய்யோ," என்றான். "செகப்பும் பச்சையும் மாத்திப் பத்தவெச்சுட்டேன்."

"ம். அப்பா கண்ணைச் சொல்ல வந்துட்டான்."

அவன் அவசரமாகப் பிளக்கைக் கழற்றிச் சால்டரிங் கம்பியைச் சூடாக்கினான். டீச்சருக்குச் சற்றுத் திருப்தியாக இருந்தது. வாதத்தில் ஜெயித்த திருப்தி. மரம் பச்சையாகிவிடும், கூரை சிவப்பாகிவிடும், மனுஷன் மானம் தப்பித்தது. நீலம் எப்படியும் நீலம்தானே, அதற்கும் இந்த ரெண்டு கம்பிக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் நினைத்தாள். எழுந்து போய்த் தட்டுகளை எடுத்து வந்தாள்.

மறுபடியும் கொசு, தகரம், இரைச்சல். மறுபடியும் மேலேயிருந்து ஒவ்வொரு கோடாக.

கூரை சிவப்பு. மரம் பச்சை. ஜன்னல் வந்தது, வட்டம் வந்தது. பிறகு சதுரம், ஒரு கோடு, இன்னொரு கோடு, அடுத்த கோடு.

வாடாமல்லி.

டீச்சர் தட்டுகளைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். சுமாரான வாடாமல்லி இல்லை. ஊதாவா ரோஸா என்று சந்தேகப்பட இடம் கொடுக்காத, பளீரென்ற, கடையில் நூலை வாங்கும்போதே அவளைக் கூச வைத்த அதே நிறம்.

"இது எப்படிடா?" என்றாள். குரலைக் காணோம்.

"செகப்பும் நீலமும் சேர்ந்தா இது. நான்தான் செகப்புக்குப் பதிலா பச்சையை அனுப்பிட்டு இருந்தேன், அதனால அப்போ ஆகாய நீலமா..."

"அதில்லடா. உங்கப்பாவுக்கு எப்படித் தெரியும்? அவருக்கு இது நீலம்டா. செத்தாலும் நீலம்."

மகன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையிலிருந்த சால்டரிங் கம்பியை மெதுவாகக் கீழே வைத்தான்.

"பென்சில் விளையாட்டு," என்றான்.

"என்ன விளையாட்டு?"

"சின்ன வயசுல அப்பா என்கூட விளையாடுவாரும்மா. நீ ஸ்கூலுக்குக் கிளம்பிப் போன உடனே பென்சில் பெட்டியைத் தெறந்து வெச்சு, 'இன்னைக்கு அம்மா எந்தப் பென்சில்?'னு கேப்பாரு. நீ அன்னைக்கு உடுத்தியிருந்த கலரை நான் கரெக்டா எடுத்துக் குடுக்கணும். குடுத்தா, பென்சில் மேல எழுதியிருக்குற பேரைப் படிச்சுப் பாப்பாரு. தினமும். நீ அந்த ஸ்வெட்டரைப் போட்டுட்டுப் போன அன்னைக்கும். எனக்குக் கலர் சொல்லிக் குடுக்குறாருன்னு நெனச்சிட்டு இருந்தேன்."

டீச்சர் தட்டுகளை எங்கே வைப்பது என்று பார்த்தாள். மேஜையில் இப்போதும் இடம் இல்லை. உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். எத்தனை காலை, எத்தனை பெட்டி பென்சில். பஸ் போய்விடும் என்று அவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிய பிறகு, அப்பனும் பிள்ளையும் இங்கே உட்கார்ந்து.

"என்னைக் கேட்டா நான் சொல்லியிருக்க மாட்டேனா?" என்றாள் கோபமாக, மகனிடம் இல்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாது இந்த மனுஷன்?"

கேட்டிருந்தால் அடுத்த தடவை அக்கா வீட்டில் அதையும் சொல்லியிருப்பாள். அது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. அதனாலேயே இன்னும் கோபம் வந்தது.

"நாளைக்கு வர்றவருக்கு என்னம்மா சொல்றது?" என்று கேட்டான் மகன். "சாப்பிடணும்ல, இதை எடுத்துக் கீழ வெச்சிரவா?"

"தொடாதே அதை," என்றாள்.

அவன் எழுந்து ஜன்னல் திட்டிலிருந்து ஆறிப்போன பாத்திரத்தை எடுத்து வந்தான். ரெண்டு பேரும் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மானிட்டரைப் பார்க்க உட்கார்ந்தார்கள். டீச்சர் பரிமாறுவதற்காகக் கரண்டியை எடுத்தாள். மடியிலிருந்த காலித் தட்டின் பளபளப்பில் ஒரு சின்னச் சதுரம் வாடாமல்லி நிறத்தில் வந்து விழுந்திருந்தது. அதன் மேல் சோற்றைப் போட மனசில்லாமல், கரண்டியைக் கையில் பிடித்தபடியே அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.