முள்ளுக்கரண்டி இல்லாத நத்தார்

மரியமலருக்கு ஒரு குணம் உண்டு. நடக்கப்போகிற எதையும் முதலே மனசுக்குள் ஒருதரம் நடத்திப் பார்த்துவிடுவாள். பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் அவள் பாதி இங்கே, பாதி வேறெங்கோ. லண்டனில் சட்டன் பக்கம் இருக்கிற அந்த வீட்டில் பால் எத்தனை தரம் பொங்கி வழிந்தது என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பொங்கிய நேரம் அவள் அங்கே இருந்தால்தானே தெரிவதற்கு.

அந்த டிசம்பரில் அவள் நடத்திப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு காட்சியை. முன்னறை நிறைய ஆட்கள். மேசையில் ஒருவரும் இல்லை, யார் கையிலும் கத்தியோ முள்ளுக்கரண்டியோ இல்லை. நின்றபடி, நடந்தபடி, விரல் நுனியால் எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கதைக்கிறார்கள். அவர்களுக்கு நடுவே அவள் புருஷன் செபமாலைமுத்து நிற்கிறார். அவரும் ஒன்றை எடுத்துச் சாப்பிடுகிறார். யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் காட்சி. அதை நினைத்து நினைத்து அவள் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு தரிப்பு போய்த் திரும்பி நடந்திருக்கிறாள்.

செபமாலைமுத்து ஸ்டுட்கார்ட்டில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினாலு வருஷம் நின்றவர். லண்டனுக்குக் குடிவந்த பிறகும் நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளுக்கு, வான்கோழி வெட்டுவது அவர்தான். சட்டைக் கையை மடித்து, கத்தியைத் தீட்டி, நெஞ்சுப்பக்கத்தில் தொடங்கினாரென்றால் ஒவ்வொரு துண்டும் ஒரே கனத்தில் சரிந்து விழும். வந்தவர்கள் சாப்பிட வந்தார்களா, அவர் வெட்டுவதைப் பார்க்க வந்தார்களா என்று சொல்வது கஷ்டம். அவருக்கும் அது தெரியும். அந்த ஒரு நாளில் மனுஷன் இரண்டு அங்குலம் உயர்ந்து நிற்பார்.

அந்த வருஷம் பெப்ரவரியில் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. டொக்டர் வருத்தத்துக்கு ஒரு பெயர் சொல்லிக் குளிசை தந்தார். குளிசை நடுக்கத்தைக் கொஞ்சம் குறைத்தது, நிறுத்தவில்லை. பிறகு ஒரு கலியாண வீட்டில், எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் பக்கத்தில் இருந்தவரின் வேட்டியில் கொட்டுண்டது. அன்றோடு சரி. எட்டு மாதமாக அவர் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு தனியே சாப்பிடுகிறார். மரியமலர் தவறி உள்ளே போனால் எடுத்ததைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்துவிடுவார். கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, அங்கால பார் என்பார். முப்பத்தொரு வருஷம் அவளோடு கூட இருந்து சாப்பிட்ட மனுஷன். யாருக்கும் சொல்லக்கூடாது என்று சத்தியமும் வாங்கியிருந்தார். மகள் துஷ்யாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மரியமலருக்கு வந்த கவலையைச் சொல்லி அழவும் ஆளில்லை.

நத்தார் வருகிறது, ஆட்கள் வருவார்கள், இவர் மேல்மாடிக்குப் போய்ப் படுத்துவிடுவார் என்று அவள் பயந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்த யோசனை வந்தது. அவள் வேலை செய்கிற கன்டீன் ஒரு பெரிய கம்பனியின் கந்தோருக்குள் இருக்கிறது. அங்கே நத்தார் விருந்துக்கு மேசையே போடவில்லை. தட்டுகளில் சின்னச் சின்னச் சாமான். கோட்டுப் போட்ட பெரிய ஆட்கள் நின்றபடி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். யார் எதைத் தின்றார், யார் கை எப்படிப் போனது என்று ஒருவர் ஒருவரைப் பார்க்கவேயில்லை. தட்டு ஏந்தி நின்ற மரியமலர் அப்படியே கனவில் போய்விட்டாள். மேற்பார்வைக்காரி வந்து தோளில் தட்டவேண்டியிருந்தது.

அன்றிலிருந்து ஆராய்ச்சி. குசினியில் தனியே நின்று, தன் வலது கையை வேண்டுமென்று நடுங்கவைத்து, ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பட்டிஸ் உதிர்ந்து நெஞ்செல்லாம் பொடியானது. வடை பரவாயில்லை, சம்பலைத் தொட்டால் வழிந்தது. கட்லட் தாக்குப்பிடித்தது. ரோல்ஸை உள்ளங்கை நீளத்துக்குச் செய்யாமல் பெருவிரல் அளவில் சுற்றினால் ஒரே வாயோடு முடிந்துவிடும், இரண்டாம் தரம் கை எழும்பத் தேவையில்லை. துஷ்யா வாசலில் வந்து நின்று, தாய் உதறிக்கொண்டே கட்லட் தின்பதைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

“அம்மா, ஆர் யூ ஓகே?”

“ஓம், ஓம். நீ போ பிள்ளை.”

மூன்று நாள் நின்று உருட்டினாள், சுற்றினாள், பொரித்தாள். செபமாலைமுத்து ஒருதரம் எட்டிப் பார்த்தார்.

“வான்கோழி வாங்கேல்லையே?”

“இந்த முறை எனக்கு ஏலாது. நாரி நோகுது, குனிய ஏலாது. உதுகள் காணும்.”

அவர் தட்டுகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “ம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பாடா என்று இருந்தது மரியமலருக்கு.

நத்தாரன்று விடிந்தும் விடியாத மாதிரி இருந்தது. ஊர் முழுக்கப் பனிப்புகார். பஸ்ஸும் ரயிலும் ஓடாத நாள் என்பதால் தெருவில் ஒரு சத்தமில்லை. பூசை முடிந்து வரும்போது எதிர்வீட்டு விளக்குகள் பாலுக்குள் மிதப்பதுபோல் தெரிந்தன. மூன்று நாள் சரியாக நித்திரை இல்லாததால் மரியமலருக்குக் கால் நிலத்தில் படுகிற மாதிரியே இல்லை. அவள் கண்ட காட்சிக்கு ஏற்ற காலநிலைதான் என்று சந்தோஷப்பட்டாள். சாப்பாட்டு மேசையைச் சுவரோரம் தள்ளினாள். தட்டுகளை நீளத்துக்குப் பரப்பினாள். கதிரைகளில் பாதியை மேலே ஏற்றினாள். கத்தி, முள்ளுக்கரண்டி வைக்கிற லாச்சியைத் திறக்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரில் இருந்து அவளுடைய அக்கா லூர்தம்மா, பிள்ளைகள் பேரப்பிள்ளைகளோடு நாலு காரில். பிறகு தில்லையம்பலமும் மனைவி சுசிலாவும். தில்லையம்பலம் வெள்ளிக்கிழமை தவறாமல் வெஸ்ட் ஈலிங் அம்மனிடம் போகிறவர், நத்தார் தவறாமல் இங்கே வான்கோழிக்கு வருகிறவர். கரண்ட் வேலை செய்கிறவர். செபமாலைமுத்துவுக்கு உற்ற சிநேகிதர்.

ஜன்னல்களில் மூச்சு ஆவி படிந்து வெளியே ஒன்றும் தெரியவில்லை. அறை சூடாக, மஞ்சளாக, வாசமாக இருந்தது. ஆட்கள் நின்றார்கள், கதைத்தார்கள், சிரித்தார்கள். மரியமலர் தான் கண்டதற்குள்ளேயே நடந்துபோவதுபோல் தட்டோடு நடந்தாள். செபமாலைமுத்துவும் மேலே போகவில்லை. வலது கையை கார்டிகன் பொக்கற்றுக்குள் விட்டபடி கணப்புப் பக்கமாக நின்றார். அவருக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு தட்டை வைத்துவிட்டு அவள் தெரியாததுபோல் விலகினாள்.

முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் கவனித்தாள். தட்டுகள் குறையவில்லை.

“எடுங்கோவன் அக்கா.”

“ஒண்டு எடுத்திட்டன் பிள்ளை. காணும்.”

“சுசிலா, நீராவது எடும்.”

“வேண்டாம் அக்கா. இப்பவே நிரப்பினால் பிறகு எங்க சாப்பிடுறது?”

அந்த நேரம்தான் மரியமலருக்கு விளங்கியது. எங்கள் வீடுகளில் ரோல்ஸும் கட்லட்டும் எப்போது வரும்? சாப்பாட்டுக்கு முன்னால் வரும். வாய்க்கு ருசியாக ஒன்று, மரியாதைக்கு இன்னொன்று, அதோடு கையைத் துடைத்துக்கொண்டு உண்மையான சாப்பாட்டுக்குக் காத்திருப்பார்கள். பிறந்த நாளிலிருந்து தெரிந்த சங்கதி. நாள்கணக்காகக் கனவு கண்டவளுக்கு இந்த ஒன்று மட்டும் தோன்றவில்லை. இதுதான் சாப்பாடு என்று அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. இருபது பேர் வயிற்றில் இடம் விட்டுக்கொண்டு, இல்லாத வான்கோழிக்காகப் பொறுமையாக நின்றார்கள். யாரும் சாப்பிடாத அறையில் அவர் மட்டும் எப்படிக் கையை வெளியே எடுப்பார்?

ஒன்றரை ஆனது. இரண்டு ஆனது. பேச்சு தேய்ந்தது. ஒரு பேரப்பிள்ளை பசிக்குது என்று சிணுங்க, லூர்தம்மா அதன் வாயை மெல்லப் பொத்தினாள். மரியமலருக்கு எல்லாம் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல் கேட்டது. அப்போது தில்லையம்பலம் கைகளை உரசிக்கொண்டு எழுந்தார்.

“என்ன மச்சான், எப்ப வெட்டப் போறாய்? கத்தியை எடன்.”

அறை முழுக்க செபமாலைமுத்துவைத் திரும்பிப் பார்த்தது. எந்தக் கண்ணும் படக்கூடாது என்று அவள் பாடுபட்டாளோ, அத்தனை கண்ணும் பட்டது. அவருடைய முகம் வெளிறுவதை மரியமலர் கண்டாள்.

“அடுப்பு பழுதாப்போச்சு, தில்லையண்ணை” என்றாள் அவசரமாக. “விடியவே நிண்டிட்டுது. அதுதான்…”

உலகத்தில் எத்தனையோ பொய் இருக்க, ஒரு கரண்ட் வேலைக்காரரிடம் சொல்ல அவளுக்கு அகப்பட்டது இந்தப் பொய்தான்.

“இதை முதலே சொல்லியிருக்கக் கூடாதோ!” தில்லையம்பலம் சட்டைக் கையை மடித்தபடி குசினிக்குள் போய்விட்டார். அவள் பின்னால் ஓடுவதற்குள் அடுப்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் குழப்பம். சூடு பறக்கிற கட்லட் தட்டு ஒன்றைத் துணியால் பிடித்திருந்தார்.

“தங்கச்சி, அடுப்பு நெருப்பாக் கொதிக்குது…”

மரியமலர் தலையைக் குனிந்துகொண்டாள். நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்றிருந்தது.

“அடுப்பு நல்லாத்தான் இருக்கு, தில்லை” என்றார் செபமாலைமுத்து. “என்ர கைதான் பழுது.”

பொக்கற்றிலிருந்து கையை வெளியே எடுத்தார். அது எல்லார் முன்னாலும் தன்பாட்டில் நடுங்கியது. அவர் அதை ஒளிக்காமல் நீட்டியபடி நின்றார்.

“இதால வெட்ட ஏலாது. எட்டு மாசமா ஆக்களுக்கு முன்னால தின்னவும் ஏலாது. அதுதான் இவள் மூண்டு நாளா நிண்டு விரலளவுக்கு உருட்டினவள். நாரி நோவாம். எனக்கு விளங்கேல்லை எண்டு நினைச்சவள்.”

தில்லையம்பலம் தட்டைக் கீழே வைக்க மறந்து நின்றார். “எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே மச்சான்” என்றார். லூர்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“தம்பி, நான் வாயில தீத்திவிடட்டே?”

“வேண்டாம் அக்கா. நானே எடுக்கிறன்.”

பக்கத்தில் இருந்த தட்டிலிருந்து ஒரு ரோல்ஸை எடுத்தார். அது பாதி வழியில் நழுவிக் கம்பளத்தில் விழுந்தது. அவர் அதைக் குனிந்து பார்க்கவில்லை. இரண்டாவதை எடுத்தார். வந்தவர்கள் எல்லாரும் நாகரிகம் தெரிந்த ஆட்கள், கூரையையும் கால்விரலையும் பார்த்தார்கள். மரியமலருக்கு எட்டு மாதப் பழக்கம். அவர் கை எழும்பியதும் அவளுடைய முகம் தானாக ஜன்னல் பக்கம் திரும்பியது. ஆவி படிந்த கண்ணாடியில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை.

“மலர்.”

அவள் திரும்பவில்லை.

“மலர், இஞ்சால பார்.”

திரும்பினாள். கை ஆடி ஆடி மேலே வந்தது. வாய் பாதி தூரம் இறங்கிப்போய் அதைச் சந்தித்தது. அவர் மென்றார். அவளைப் பார்த்தபடியே, அவசரப்படாமல், நன்றாக மென்று விழுங்கினார். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எட்டு மாதத்தில் இதைவிட அழகான ஒன்றை அவள் கண்டதில்லை.

“அப்ப இதுதான் சாப்பாடோ!” என்றார் தில்லையம்பலம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “நான் விடியத்திலயிருந்து பச்சைத்தண்ணி குடிக்கேல்லை.” தட்டை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் அள்ளினார். சுசிலா அள்ளினாள், பேரப்பிள்ளைகள் பாய்ந்து விழுந்தார்கள். ஒரே இரைச்சல்.

“உறைப்புக் காணாது” என்றார் செபமாலைமுத்து.

“சம்பல் எடுத்துவாறன்” என்றாள் மரியமலர். ஆனால் போகவில்லை. அவர் அடுத்ததை எடுப்பதைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றாள்.