லிஃப்ட் ஓடாத கல்லூரி

ஜூன் பதினேழு, செவ்வாய்க்கிழமை காலை, அந்தச் சிறிய கல்லூரியின் லிஃப்ட் ஓடவில்லை. கதவுக்கு முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டு அடைத்திருந்தார்கள். பசிபிக் தீவு நாடான சமோவாவின் மொழி வகுப்பு நான்காவது மாடியில்.

மகளைச் சேர்க்கக் கல்லூரி பார்க்க வந்திருந்த அப்பா லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தையும் அதன் லிஃப்டை வைத்தே எடைபோடுவார். பல் டாக்டரைக்கூட அப்படித்தான் தேர்ந்தெடுத்தார். முந்தின நாள் பார்த்த பெரிய கல்லூரியில் கண்ணாடி லிஃப்ட், வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு மாடியையும் இனிய குரலில் அறிவித்தது. பசிபிக் தீவு மொழிகளுக்குத் தனித் துறையே அங்கே இருந்தது. ஆனால் வகுப்பில், திரையில் ஓடிய பதிவைப் பார்த்து மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகளுக்கு மனம் ஒட்டவில்லை. அவளுக்கு இந்தக் கல்லூரிதான் வேண்டும். அதற்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். அதுவோ படிக்குப் படி தேய்ந்துகொண்டு வந்தது.

“ஒரு லிஃப்டப் பாத்துக்கத் துப்பில்ல. உன்னை எங்க பாத்துக்கப்போறாங்க?”

“நான் என்ன கம்பியிலயா தொங்கப்போறேன்? ஏறுங்கப்பா.”

வகுப்பில் ஐந்தாறு பேர், ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று சமோவ மொழியிலேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆசிரியை வாசலில் அப்பாவை நிறுத்தினார். “உள்ள வந்துட்டா வேற பாஷை கிடையாது சார். அப்பாக்களுக்கும் சேத்துத்தான்.”

மூச்சு வாங்க உட்கார்ந்தவர் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜாவுக்குக் கை காட்டினார். யாரும் அசையவில்லை. இணையத்தில் சமோவ வானொலி கேட்டே கொஞ்சம் கற்றிருந்த மகள், ஒரு வரியை மெல்லச் சொல்லிக்கொடுத்தாள். அவர் பாதியில் சறுக்கி, மறுபடி தொடங்கி, ஒருவழியாக முடித்தார். ஜன்னல் சண்டை நின்றது. ஒருத்தி டம்ளரை நிரப்பி நீட்டினாள். “ஃபாஃபெதாய்” என்றாள் மகள், நன்றி சொல்ல. அவரும் சொன்னார். பிறகு தாகமே இல்லாமல் இன்னும் இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

இருவரும் கீழே இறங்கினார்கள். அம்மா அப்பாவைப் போனில் கூப்பிட்டாள்.

“என்னங்க, காலேஜ் எப்படி?”

“லிஃப்ட் படுமோசம்.”

“அப்ப அந்தப் பெரிய காலேஜா?”

அப்பா நாற்காலியை நகர்த்திவிட்டு, லிஃப்ட் கதவின் இடுக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். “அங்க லிஃப்ட் மட்டுந்தான் பேசுது” என்றார்.

ஜூலை முதல் தேதி மகள் அந்தச் சிறிய கல்லூரியில் சேர்ந்தாள். அந்தச் சனிக்கிழமை, அப்பா வந்துபோன பிறகு, லிஃப்ட் ஓடியது.