மூன்றாம் எண் டீசல்கள்

எங்கள் வீட்டின் இரண்டாவது படுக்கையறையில் படுக்கை கிடையாது. ஓர் ஊர் இருக்கிறது. பத்தடி நீளம், ஆறடி அகலத்தில் பிளைவுட் மேசை. அதன்மேல் ஒரு மலை, மலைக்குள் சுரங்கம், இரண்டு பிளாட்பாரம் உள்ள ஸ்டேஷன், முப்பத்தெட்டு வீடுகள். இவற்றைச் சுற்றித் தண்டவாளம் போகிறது, அதில் சாண் நீளத்தில் எஞ்சின்கள் ஓடுகின்றன. கொண்டாப்பூரில் சதுர அடி என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்தவர்கள் இந்த அறையைப் பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

கட்டியவன் என் கணவன் செல்லப்பா. கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் ஒரே டீமில் வேலை பார்த்தோம், அதனால் அவன் எனக்கு 'அவன்'தான். மெட்டுகுடாவில் இருக்கும் மாமியார் எதிரில் மட்டும் 'அவர்' ஆகிவிடுவான். அவனுடைய தாத்தாவும் அப்பாவும் லாலாகுடா ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்கள். இவன் மாதாப்பூரில் ஏசி ரூமில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறான், ஆனாலும் ரத்தத்தில் கொஞ்சம் கரிப்புகை மிச்சம் இருக்கிறது. இங்கேயே பிறந்து வளர்ந்ததில், ஆமாம் என்பதற்கு 'ஹவ்', வேண்டாம் என்பதற்கு 'நக்கோ' என்று இந்தப் பக்கத்து உருதுவும் நாக்கில் ஒட்டியிருக்கிறது. நான் திருச்சிக்காரி. எனக்கு ரயில் என்றால் ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத ஒரு வண்டி, அவ்வளவுதான்.

அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உண்மை வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் செல்லப்பா பசையும் பிரஷ்ஷுமாக உட்கார்ந்திருக்கும்போது நான் தாடையைப் பலகையின் ஓரத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பேன். கொஞ்ச நேரத்தில் அறைச் சுவர் காணாமல் போகும். பிளாட்பாரத்தில் பச்சைச் சேலை கட்டிய பொம்மைப் பெண் ஒருத்தி நிற்கிறாள், அவளுக்கு முகம் வரையவில்லை. அவளைத் தாண்டி ஸ்டேஷனுக்கு வெளியே வருவேன். டீக்கடை திறந்திருக்கும். அங்கே எப்போதும் காலை எட்டு மணி. மரத்தடியில் சைக்கிள் சாய்ந்திருக்கும், யாரும் எடுத்துப் போக மாட்டார்கள். எவரும் என்னிடம் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் கேட்க மாட்டார்கள். மலைப்பக்கம் நடந்தால் சுரங்கத்துக்குள் இருந்து ஒரு குளிர்ச்சி வருகிற மாதிரி இருக்கும். ஏசி காற்றுதான். தெரிந்தும் அந்தக் குளிர்ச்சியில் நின்றுகொண்டே இருப்பேன்.

அந்த ஊருக்குள் நான் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தது.

எங்கள் கம்பெனி சென்னையில் புதுக் கட்டடம் திறந்தது. அங்கே டெஸ்டிங் பிரிவு முழுக்க என் பொறுப்பில் வரும் என்றார்கள். பதினொரு வருஷம் மற்றவர்கள் செய்த தப்பைக் கண்டுபிடித்தே வாழ்க்கையை ஓட்டியவள் நான். எனக்கு அந்த வேலை வேண்டும், வேண்டாத மாதிரி நடிக்கத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னேன். செல்லப்பா என்னைப் பார்க்கவில்லை, அந்த அறையைப் பார்த்தான். அந்த ஒரு பார்வை எனக்குப் போதுமானதாக இருந்தது.

"உனக்கு நான் முக்கியமா, அந்தப் பலகை முக்கியமா?" என்று கேட்டேன்.

நான் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அவனோ வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு பிறந்தவன். பதில் சொல்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நானும் பேச்சை நிறுத்தினேன். அவன் பேசட்டும் என்று நான் இருந்தேன், நான் பேசட்டும் என்று அவன் இருந்தான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து. ஹாலில் இருந்து சமையலறைக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினோம். 'பால் தீர்ந்தது.' 'சிலிண்டர் வந்தது.' திங்கட்கிழமை காலைக்குள் நான் சென்னைக்குப் பதில் சொல்ல வேண்டும். போனால் இவன் இல்லாமல் போக வேண்டும். போகாவிட்டால் ஆயுசு முழுக்க அந்தக் கதவைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இரண்டையும் நினைத்துப் பார்த்தேன். இரண்டும் பயமாக இருந்தன.

அதற்கு முந்தின நாள் ஞாயிறு. செல்லப்பாவின் பிறந்தநாள்.

சண்டைக்கு ரொம்ப நாள் முன்பே அவனுக்கு ஒரு பரிசு சொல்லி வைத்திருந்தேன். அவனிடம் இருந்தவை எல்லாம் பழைய நீராவி எஞ்சின்கள். ஒரு டீசல் வேண்டும் என்று நாலு வருஷமாகப் படத்தைப் பார்த்தே ஏங்கிக்கொண்டிருந்தான். அவன் ஆபீஸ் நண்பன் முகமது யூசுப் சிகாகோ போனபோது ரகசியமாக வாங்கிவரச் சொன்னேன். போன வாரம்தான் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போது ஒரு மாதிரி சிரித்தான். சிவப்பு டீசல். பட்டுச் சேலைகளுக்குப் பின்னால் அதை ஒளித்து வைத்திருந்தேன்.

காலையிலிருந்து தூறிக்கொண்டிருந்தது. செல்லப்பா மட்டன் வாங்கப் போனான். 'ஹாப்பி பர்த்டே' என்று எஸ்.எம்.எஸ். அனுப்பும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. வாயால் சொல்ல ரோஷம் விடவில்லை. எனவே அந்த அறைக்குள் போனேன். ஜன்னலில் மழை வெளிச்சம். முதல்முறையாக அந்த ஊரில் மேகம் போட்டிருந்தது. சிவப்பு டீசலின் சக்கரங்களைத் தண்டவாளத்தில் ஒவ்வொன்றாக உட்கார வைக்கப் பத்து நிமிஷம் ஆனது. சுரங்கத்தின் வாய்க்குள் கொஞ்சம் தள்ளி, முகம் வெளியே பார்க்கிற மாதிரி நிறுத்தினேன். அவனாகவே கண்டுபிடிக்கட்டும் என்று வெளியே வந்து லேப்டாப்பைத் திறந்தேன். 'ஏற்றுக்கொள்கிறேன்' என்று டைப் அடித்தேன். அனுப்பவில்லை.

செல்லப்பா நனைந்துபோய் வந்தான். மட்டனைச் சமையலறையில் வைத்துவிட்டு நேராக அந்த அறைக்குள் போனான். கதவு முழுக்கச் சாத்தவில்லை. எழுந்துபோய் இடுக்கு வழியாகப் பார்த்தேன்.

ஆபீஸ் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்தான். நான் ஒளித்து வைத்திருந்த அதே மாதிரிப் பெட்டி. உள்ளே இருந்து நீல நிற டீசல் ஒன்று வந்தது. அதை ஸ்டேஷனில் நிறுத்தி, கையளவு கன்ட்ரோலரை எடுத்து ஒரு பட்டனை அழுத்தினான். நீல எஞ்சினின் முன்விளக்கு எரிந்தது.

சுரங்கத்துக்குள்ளும் ஒரு விளக்கு எரிந்தது.

அவன் கவனிக்கவில்லை. மெல்ல ஓட்டினான். நீல எஞ்சின் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. அதே வேகத்தில் மலைக்குள் இருந்து சிவப்பு எஞ்சின் வெளியே வந்தது. ஒரே தண்டவாளம், எதிரும் புதிருமாக. மழை வெளிச்சத்தில் இரண்டு விளக்குகளும் ஒன்றையொன்று பார்த்தபடி அவசரமே இல்லாமல் நெருங்கின. யாருடைய கனவுக்குள்ளோ எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது.

செல்லப்பா சட்டென்று நிறுத்தினான். இரண்டும் நின்றன. நடுவே ஒரு முழம். கொஞ்சம் முன்னால் நகர்த்தினான், இரண்டும் முன்னால் வந்தன. பின்னால் எடுத்தான், இரண்டும் பின்வாங்கின. சிவப்பு எஞ்சின் பின்னால் போய்ப் போய்ச் சுரங்கத்தின் இருட்டுக்குள் மறைந்தது. அவன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுத் தலையைத் தடவிக்கொண்டான்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "அது உன்னோடதுதான். பொறந்தநாளுக்கு."

பத்தொன்பது நாளில் முதல் பேச்சு.

"யூசுப்கிட்ட சொன்னியா? எனக்கும் அவன்தான் கொண்டாந்தான்." காலிப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "ஹவ். அதான் பெட்டிய கொடுக்கறப்ப அப்படிச் சிரிச்சான்."

"என்னோடது ஏன் தானா ஓடுது?"

"புது எஞ்சின் எல்லாத்துக்கும் கம்பெனியில மூணாம் நம்பர் போட்டுத்தான் அனுப்புவாங்க. நாமதான் அப்புறம் வேற வேற நம்பர் வைக்கணும். அது வரைக்கும் மூணுன்னு கூப்பிட்டா ரெண்டும் கேக்கும்."

"நீ பின்னால போனா அதுவும் பின்னால போகுமா?"

"ஹவ். நான் நின்னா அதுவும் நிக்கும்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்திருக்க வேண்டும். அவன் ஜன்னலைப் பார்த்தான். நான் டீக்கடையைப் பார்த்தேன்.

"சரி, நம்பரை மாத்து," என்றேன்.

"மாத்தணும்னா ஒண்ண தண்டவாளத்துலேருந்து எடுக்கணும். இல்லாட்டி ரெண்டுமே அந்தப் புது நம்பருக்கு மாறிடும்."

சிவப்பு எஞ்சின் சுரங்கத்தின் ஆழத்தில் இருந்தது. முன்பக்கத்திலிருந்து கை எட்டாது. மலைக்குள் கைவிட மேசைக்கு அடியில் ஒரு ஓட்டை உண்டு. நான் முட்டி போட்டுக் குனிந்தேன்.

"நக்கோ, காஞ்சனா. கீழ போகாத. நானே எடுக்கறேன்." அவன் குரலில் இருந்த பதற்றம் எஞ்சினுக்கானது அல்ல. இந்த மாதிரிப் பதற்றத்தைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். உள்ளே நுழைந்து மல்லாந்து படுத்தேன்.

பலகையின் அடிப்பக்கம் முழுக்கப் பென்சில் கோடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆறு வரை துண்டுகளாகப் பிரித்து எண் போட்டிருந்தான். 'இங்கே அறுக்கவும்.' 'வயர் சிவப்பு, பச்சை.' 'லிஃப்ட் கதவு 2 அடி 7 அங்குலம்.' ஸ்டேஷனுக்கு நேர் கீழே போன கோட்டை அழித்து, வளைத்து வேறு இடத்தில் போட்டிருந்தான். அழித்த இடம் கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் தேதி. நான் சென்னை விஷயத்தைச் சொன்ன நாள்.

மேலே அவன் ஆசையாகக் கட்டிய ஊர் அப்படியே இருந்தது. அதற்கு அடியில், யாருக்கும் தெரியாமல், அது என்னோடு வரக் கிளம்பிப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

"அன்னிக்கே போட்டியா இதை?" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் அவன் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

"நீயா பலகையான்னு கேட்டே. அளந்துட்டு வந்து பதில் சொல்லலாம்னுதான் உள்ள வந்தேன். எங்க ஆபீஸ்லயும் சென்னைக்குக் கேட்டு வச்சிருக்கேன்."

"கைக்கு கதவைச் சாத்தினே?" ஏன் என்பதற்கு அவன் சொல்லும் வார்த்தை என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அளக்கறப்ப அழுகை வந்துச்சு. நீ பாத்தா போக மாட்டேன்னு சொல்லிடுவே. அதான் சாத்தினேன். வெளிய வந்தா நீ பேசல."

எனக்கும் அழுகை வந்தது. ரோஷமும் கூடவே வந்தது. இவ்வளவு அன்பை ஒரு பலகைக்கு அடியிலா எழுதி வைப்பான் ஒரு மனுஷன்? அவன் குனிந்து, தவழ்ந்து உள்ளே வந்து என் பக்கத்தில் படுத்தான். ஈரச் சட்டை என் கையில் ஒட்டியது. நான் துண்டுகளின் எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன்.

"ஆறும் லிஃப்ட்ல போயிடுமா?"

"அஞ்சுதான் போகும். மலை போகாது. அத படியிலதான் இறக்கணும்."

நாங்கள் இருப்பது நாலாவது மாடி.

"கீழ்ப்பக்கம் நான் பிடிச்சுக்கறேன்," என்றேன். படியில் இறக்கும்போது பாரமெல்லாம் கீழே இருப்பவர் மேல்தான் விழும் என்று அவனுக்குத் தெரியும். நக்கோ என்று அவன் சொல்லவில்லை.