வெறும் வயிற்றோடு

காலையிலிருந்து ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. மண்டபத்து வாசலில் உட்கார்ந்திருந்த சௌந்திரம் தன் காலனிக்காரர்களை மனசுக்குள்ளேயே திட்டித் தீர்த்தாள். வெறும் வயிற்றோடு மண்டபத்துக்கு வாருங்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சியவள் அவள்தானே!

செங்கல் சூளையில் வேகிறவர்களுக்குச் சிறுநீரகம் ஏன் கெடுகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. ஆள் கூட்டி வருவது அவள் வேலை. முதல் தடவை காலனிக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள். அவள் தம்பி சின்னானுக்குக் கோளாறு தெரிந்தது. இன்றும் அப்படியே இருந்தால் சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர்களே சேர்த்துவிடுவார்கள். இன்று விட்டால் பேரை அடித்துவிடுவார்கள். இந்த முறை ஃபேனும் ஃப்ரிட்ஜும் வேண்டுமென்று டாக்டர் சபரிநாதன் ஊருக்குள் தங்கசாமியின் கல்யாண மண்டபத்தைப் பேசிவிட்டார்.

இந்த ஜனங்களுக்கு அக்கறையே இல்லை, வேறு ஊர் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சலித்துக்கொண்டார். நாற்காலியில் காலாட்டிக்கொண்டிருந்த தங்கசாமி, "நல்லது பண்ணுனா அவுங்களுக்குப் புடிக்காதுங்க" என்றார்.

சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது. முகம் கழுவலாமென்று எழுந்துபோய்ப் பின்கதவைத் திறந்தாள்.

மொத்தக் காலனியும் அங்கே நின்றது. எச்சில் இலைக் குழியோரம், உச்சி வெயிலில், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல். விசேஷத்துக்கு இலை எடுக்கவும் அண்டா கழுவவும் அவர்கள் வந்துபோகிற வாசல் அதுதான். கூப்பிடுவார்களென்று விடிந்ததிலிருந்து நிற்கிறார்கள். கதவைத் தட்டிப் பழக்கமில்லை. சுவரோரம் குந்தியிருந்த சின்னான், "இன்னுங் கூப்புடலையாக்கா?" என்றான்.

இவர்களையா இத்தனை நேரம் திட்டினோம்!

பின்னாலேயே வந்த டாக்டர், அதனாலென்ன, மேசையை இங்கேயே போட்டுவிடலாம் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"மேசை இருக்கற எடத்துலயே இருக்கட்டுங்க. உங்களுக்கு ரத்தம் வேணும்னா ஆளு முன்வாசல்லதான் வரும். இல்லீன்னா ஒருத்தரும் கை நீட்ட மாட்டாங்க."

சொன்ன பிறகுதான் தம்பியின் வெளிறிய முகம் கண்ணில் பட்டது. டாக்டர் சரிதான் போ என்று கிளம்பிவிட்டால் முதலில் போவது அவன்தான். ஆனாலும் அவள் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை.

டாக்டர் காலிக் குப்பிகளைத் திரும்பிப் பார்த்தார். முன்கதவை நன்றாகத் திறக்கச் சொன்னார்.

தெருவைச் சுற்றி எல்லோரையும் அவள் கூட்டிவந்தபோது தங்கசாமி எழுந்துவிட்டார். யாரையும் தடுக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் ஆளுகளோட வந்து மண்டபத்தக் கழுவி உட்ரு, சௌந்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் எழுந்த நாற்காலியில்தான் சின்னானை உட்காரவைத்தாள். அவன் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தான். அவள் தோளைப் பிடித்துப் பின்னால் அழுத்தினாள்.

"நல்லாச் சாஞ்சு உக்காருடா. எப்பிடியும் கழுவப்போறது நாமதான்."