மருந்துக்கடைக்கு இரண்டு பூட்டு

அந்த மே மாதம் எங்கள் குப்பத்து மருந்துக்கடை ஷட்டரில் இரண்டு பூட்டு தொங்கியது. ஒன்று என் புருஷன் போட்டது. இன்னொன்று என் தம்பி போட்டது. உள்ளே அலமாரி நிறைய மருந்து இருந்தது. வெளியே என் மகள் மாத்திரை தீர்ந்துபோகிற நிலையில் இருந்தாள். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டின குப்பம் எங்களுடையது. மீனவர் சங்கத்தின் பேரில், அரசாங்க மானியத்தில் வந்த கடை அது. வெளியே ஒரு பட்டை மாத்திரை வாங்குகிற காசுக்கு இங்கே மூன்று பட்டை கிடைக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பல் காற்றில் இருமுகிறவர்களுக்கும், சர்க்கரை வந்தவர்களுக்கும், என் வினிதாவுக்கும் அதுதான் கதி. வினிதாவுக்கு வலிப்பு. ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்த மாத்திரை ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்துப்போனதால், வேறொன்றை வெளியே வாங்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைத் தினமும் விடாமல் போட்டால் மற்ற பிள்ளைகள் மாதிரி ஓடியாடுவாள். கடைசியாக வலிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது. என் புருஷன் ரகுபதி தோற்ற கட்சிக்குக் கிளைச் செயலாளர். தம்பி உதயாவுக்கு ஜெயித்த கட்சியில் அதே பதவி. கட்சிகளின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இரண்டுமே என் கையால் மீன் குழம்பு சாப்பிட்டு வளர்ந்த கட்சிகள்.

மானியத்தின் அடுத்த தவணை வரவில்லை. "போர்டுல எங்க தலைவர் பேரப் போடு, மேல பேசி நான் வாங்கித் தரேன்" என்றான் உதயா.

"வாங்கியாந்தது நாங்க, பேரு மட்டும் ஒனக்கா?" என்றார் இவர்.

போர்டை மாற்றிவிடுவார்களோ என்று இவர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார். இவர் மட்டும் திறந்து நல்ல பேர் வாங்கிவிடுவாரோ என்று அவன் பக்கத்திலேயே தன் பூட்டையும் மாட்டினான். இவர் தன் சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். அவன் தன் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மருந்து எடுத்துக் கொடுக்கும் தேவப்பிரியம் அக்கா தினமும் திருவொற்றியூரிலிருந்து பஸ் ஏறி வருவார். டீக்கடை பெஞ்சில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போவார்.

மீன்பிடித் தடைக்காலம் என்று ஒன்று புதிதாக வந்திருந்த வருஷம் அது. இவர் போகிற விசைப்படகு காசிமேட்டில் கட்டிக் கிடந்தது. நான் விற்கிற மீன் கூடையும் காலி. வெளிக்கடையில் மாத்திரை வாங்க வழியில்லை.

"யோவ், பாப்பாவுக்கு மாத்திர தீரப் போவுது. தொறயா."

"அவன் பூட்ட அவன் மொதல்ல எடுக்கட்டும். நான் அடுத்த நிமிசம் எடுக்கறேன்."

சுவருக்கு அந்தப் பக்கம்தான் தம்பி வீடு. அங்கே போனேன்.

"எக்கா, நான் மொதல்ல எடுத்தா கட்சியில இன்னா சொல்வாங்கோ? மச்சான் எடுக்கட்டும், நானும் எடுத்துடறேன்."

பிள்ளை மேல் பாசம் இல்லாதவர்கள் என்றால் நாலு வார்த்தை நன்றாகத் திட்டிவிட்டுப் போயிருப்பேன். காலையில் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறவர் இவர். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவளுக்கென்று ஒரு பன்னைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருகிறவன் அவன். பூட்டு விழுந்த பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. எல்லாம் வினிதா மூலம்தான். "ஒங்க மாமன்கிட்ட சொல்லு, அவன் கொடி நம்ம வூட்டு ஓட்டுல மோதிகினே கீது" என்பார் இவர். அவள் சிரித்துக்கொண்டே போய்ச் சொல்லிவிட்டு வருவாள்.

கடைசி மாத்திரையும் தீர்ந்தது. நாளைக்குப் பேசி முடித்துவிடுகிறோம் என்றார்கள் இரண்டு பேரும். நாளையும் வந்தது, போனது. கடன் வாங்கியாவது விடிந்ததும் வெளிக்கடைக்குப் போவது என்று நான் முடிவு செய்தேன். வலிப்பு அதுவரை காத்திருக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் லாரி வந்தது. வினிதா குடத்தோடு வரிசையில் நின்றாள். குடம் உருளுகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். பிள்ளை தரையில் கிடந்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

"இரும்பு குடுங்கோ! சாவி, சாவி!" என்று கூட்டம் கத்தியது. எங்கள் பக்கம் வலிப்பென்றால் முதலில் கையில் இரும்பைத் திணிப்பார்கள். இரும்பால் ஒன்றும் ஆகாது, ஒருக்களித்துப் படுக்க வை, மாத்திரையை மட்டும் விட்டுவிடாதே என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பயத்தில் அதெல்லாம் யாருக்கு ஞாபகம் வரும்? இவர் அரைஞாண் கயிற்றிலிருந்த சாவியைப் பிய்த்துக்கொண்டு ஓடி வந்தார். உதயா சுவர் ஏறிக் குதித்து, பையிலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் அவளுடைய ஒரே கையில் திணித்தார்கள். அந்தச் சின்ன விரல்கள் இரண்டு சாவியின் மேலும் இறுகிக்கொண்டன.

நான் அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, முந்தானையைச் சுருட்டித் தலைக்கு அண்டை கொடுத்தேன். இவர் மண்டியிட்டு, "கண்ணு, நைனா இங்கதான் கீறேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உதயா அவள் கடைவாயில் வழிந்த நுரையைக் கட்சிக் கரை போட்ட துண்டால் துடைத்தான்.

கொஞ்ச நேரத்தில் அடங்கியது. வெகுநேரம் மலங்க மலங்கப் பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டாள். மெதுவாகக் கையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னாம்மா இது, எனக்கு எதுக்கு ரெண்டு சாவி?"

இவர் உதயாவைப் பார்த்தார். உதயா தரையைப் பார்த்தான். நான் அவள் விரல்களைப் பிரித்துச் சாவிகளை எடுத்துக்கொண்டேன். கடைப்பக்கம் நடந்தேன். தடுக்க யாரும் வரவில்லை.

தேவப்பிரியம் அக்கா பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "அக்கா, போவாதீங்க" என்றேன். இரண்டு பூட்டும் திறந்தன. ஷட்டர்தான் உப்புக் காற்றில் துருவேறி அசைய மறுத்தது. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"ரெண்டு கட்சியும் இங்க வாங்கய்யா! வந்து தூக்குங்க!"

இவர் வினிதாவைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் கொடுத்தார். இருவரும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக் குனிந்தார்கள்.

"நீ தூக்கு மச்சான்" என்றான் உதயா.

"நீயும் தூக்குடா" என்றார் இவர்.

பூட்டு விழுந்த பிறகு அவர்கள் நேராகப் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான். ஷட்டர் கிறீச்சிட்டு மேலே போனது. அக்கா பட்டையை எடுத்தார். பிள்ளை நன்றாக முழித்துக்கொண்டாளா, தெளிவாகப் பேசுகிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுத்தார். அவள் விழுங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

போர்டில் யார் பெயர் என்கிற சண்டை இன்னும் ஓயவில்லை. அதை அவர்கள் டீக்கடையில் வைத்துக்கொள்ளட்டும். சாவிகளை என் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இருவரும் சேர்ந்து அடுப்படி வாசலில் வந்து நின்றார்கள். நான் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "சாவி கெடையாது, போங்க."

"சாவிய யாரு கேட்டது?" என்றார் இவர்.

"பாப்பா மாத்திர போட்டுக்கிச்சாக்கா?" என்றான் உதயா.

வினிதா ஓடி வந்து வாயை அகலத் திறந்து, விழுங்கிவிட்டதைக் காட்ட நாக்கை நீட்டினாள். இரண்டு கட்சியும் குனிந்து பார்த்தன.